கப்பல் ரூம்ல ஈரச் சேலையை எங்கே காயப்போடறது?

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்குச் சந்தேகங்களுக்கு விளக்கத்துல ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கேன். தேவகோட்டையில இருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்காக. அப்படியே வாசிக்கிறேன்.

"சிங்கப்பூர்ல இருந்து 4 ராத்திரி குரூஸ் போறோம். எங்க அப்பத்தாவும் வர்றாக, 78 வயசு. நூல் சேலைதான் கட்டுவாக. காலையில குளிச்சதும் தன் சேலையைத் தானே அலசிப் போட்டாத்தான் அவுகளுக்கு நிம்மதி. லாண்டரிக்கு எல்லாம் குடுக்க மாட்டாக. பிள்ளைக வேற நாள் பூரா நீச்சல் குளத்துலதான் கிடக்கும். பால்கனி ரூம் போட்டிருக்கோம். அதுல கொடி கட்டிக் காயப்போடலாமா? குட்டி அயர்ன் பாக்ஸ் ஒண்ணு கொண்டு போகலாமா?"

ஆச்சி, ரெண்டும் வேண்டாம். ஆனா அப்பத்தா சேலை காயும். அதுக்கு நான் பொறுப்பு. எப்படின்னு சொல்றேன்.

முதல்ல பால்கனி. நானும் முதல் தடவை போனப்ப இதையேதான் செஞ்சேன். நமக்குக் காரைக்குடியில பழக்கம் அப்படி. காலையில வளவுல, அதான் வீட்டு உள்முற்றத்துல, கொடியில போட்டா பதினோரு மணிக்கெல்லாம் சேலை மொடமொடன்னு ஆயிடும். இங்கேயே இவ்வளவு சீக்கிரம் காயுதுன்னா, கடல்ல அந்தக் காத்துக்கு எப்படிக் காயும்னு நினைச்சு, ராத்திரி பால்கனி நாற்காலி முதுகுல என் கண்டாங்கியை விரிச்சுப் போட்டுட்டுப் படுத்துட்டேன். காலையில தொட்டுப் பார்த்தா, போட்டப்ப இருந்ததை விட ஈரமா இருக்கு. கையில ஒரு பிசுபிசுப்பு. கூட ஒரு சின்னத் துண்டும் போட்டிருந்தேன், அதைக் காணோம். கடலுக்குப் போயிடுச்சு.

ஏன் காயலைன்னு அப்புறம்தான் யோசிச்சேன். மழைக் காலத்துல நம்ம அடுப்படியில உப்பு ஜாடியைத் திறந்தா உப்பு நசநசன்னு இருக்கும்ல? அதே சங்கதிதான். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானாத் தண்ணியை இழுக்க ஆரம்பிச்சிடும். சிங்கப்பூர்ப் பக்கம் ராத்திரியில ஈரப்பதம் அதுக்கு மேலதான் இருக்கும். கடல் காத்துல உப்புத் தூவானம் வேற வருது. அது துணியில படிஞ்சா, துணியே உப்பு ஜாடி ஆயிடுது. காத்து எவ்வளவு அடிச்சாலும் காயாது.

பிள்ளைக நீச்சல் துணிக்கும் இதைத்தான் சொல்லணும். சில கப்பல்ல குளத்துலயே கடல் தண்ணிதான் இருக்கும். ரூமுக்கு வந்ததும் நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசாம அந்தத் துணியைக் கொடியில போடாதீங்க. உப்பு போகாத துணி மறுநாள் போடறப்பவும் சில்லுன்னுதான் இருக்கும்.

பால்கனிக்கு இன்னொரு காரணம் இருக்கு. தீ. 2006 மார்ச்ல ஸ்டார் பிரின்சஸ்னு ஒரு பெரிய கப்பல், ஜமைக்கா பக்கம் போயிக்கிட்டிருந்தப்ப ஒரு பால்கனியில தீப்பிடிச்சு, பால்கனி பால்கனியாப் பரவிடுச்சு. ஒரு பயணி இறந்துட்டார். யாரோ அணைக்காமப் போட்ட சிகரெட்டா இருக்கும்னு விசாரணையில சொன்னாக. அதனாலதான் பால்கனியில துணி தொங்கினா ரூம் பாய் வந்து கதவைத் தட்டி எடுக்கச் சொல்றார். அவர் மேல கோபப்படாதீங்க.

அயர்ன் பாக்ஸும் இதே கதைதான். ஏறும்போது பெட்டியை ஸ்கேன் பண்றப்பவே எடுத்து வச்சுக்கிட்டு, இறங்கும்போதுதான் குடுப்பாக. ஸ்டீமர், தண்ணிக்குள்ள போடற ஹீட்டர் கம்பி எதுவும் ஆகாது. உங்க அப்பத்தாவுக்குச் சிதம்பரம் கப்பல் ஞாபகம் இருக்கும், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடினது. 1985-ல அதுல தீப்பிடிச்சு நிறையப் பேர் செத்துப் போனாக. அவுககிட்ட அதைச் சொன்னீங்கன்னா அயர்ன் பாக்ஸ் ஏன் கூடாதுன்னு அவுகளே மத்தவுகளுக்கு எடுத்துச் சொல்லுவாக.

சரி, அப்ப எங்கே காயப்போடறது? பாத்ரூம்லதான். குளிக்கிற இடத்துல சுவத்துல வட்டமா ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா மாதிரி இருக்கும். அதோட மூக்கைப் பிடிச்சு இழுத்தா உள்ளே இருந்து கயிறு வரும். எதிர்ச் சுவத்துல மாட்டிக்கலாம். எல்லாக் கப்பல்லயும் இருக்காது, ஆனா நிறைய இடத்துல இருக்கு. பாத்ரூம் காத்தை வெளியே இழுக்கிற காத்தாடி பெரும்பாலும் ராத்திரி பகலா ஓடிக்கிட்டே இருக்கும். நாம செய்ய வேண்டியது, கதவை நாலு விரக்கடை திறந்து வைக்கிறது. ரூம்ல இருக்கறது ஏசி காத்து, ஈரம் எடுத்த காத்து. வீட்டு ஏசியில வெளிக் குழாய்ல தண்ணி சொட்டுதே, அது ரூம் காத்துல இருந்த ஈரம்தான். அந்தக் காஞ்ச காத்து பாத்ரூம் வழியா, துணியைத் தடவிக்கிட்டு வெளியே போகும். கதவைச் சாத்திட்டா அந்த ஓட்டம் நின்னுடும். பால்கனிக் கதவையும் திறந்து போட்டு வைக்காதீங்க. நிறையக் கப்பல்ல அதைத் திறந்தா ஏசி நின்னுடும், வெளிப் புழுக்கம் பூரா உள்ளே வந்துடும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். கொடியில போடறதுக்கு முன்னாடி கையால எவ்வளவு தண்ணியை எடுக்கறோமோ, அதுதான் கணக்கு. நம்ம ஊர் வெயிலுக்குச் சொட்டச் சொட்டப் போட்டாலும் காஞ்சுடும், அதனால நமக்கு இந்த வேலை மறந்தே போச்சு. இந்தா, கேமராவைக் கொஞ்சம் கீழே காட்டுப்பா. இது ஈரிழைத் துண்டு, காஞ்சது. மேசையில இப்படி விரிச்சுக்கங்க. அலசிப் பிழிஞ்ச சேலையைத் துண்டு அகலத்துக்கு மடிச்சு மேல வைங்க. ரெண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டற மாதிரி இறுக்கிச் சுருட்டுங்க. முறுக்க வேண்டாம், முறுக்கினா நூல் சேலையில விழற சுருக்கம் போகவே போகாது. ரெண்டு உள்ளங்கையையும் வச்சு, உடம்பு பாரத்தைக் குடுத்து, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் அமுக்குங்க. பிரிச்சுப் பாருங்க. துண்டு கனத்துப் போச்சு, சேலை உதறினா தண்ணி தெறிக்கலை. இன்னொரு காஞ்ச துண்டுல இன்னொரு தடவை செஞ்சா, ராத்திரி போட்ட சேலை காலையில கட்டற பதத்துக்கு வந்துடும். உதறி, ஓரம் இழுத்துப் போட்டா அயர்னே வேண்டாம்.

இதுக்குக் கப்பல் துண்டை எடுக்காதீங்க. அது வெள்ளை வெளேர்னு இருக்கும், கண்டாங்கிச் சாயம் ஒட்டிக்கிட்டா அவுகளுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். வீட்டுல இருந்து கலர்த் துண்டு ரெண்டு கொண்டு போங்க. புதுக் கண்டாங்கியா இருந்தா ஊர்லயே ரெண்டு தடவை நனைச்சு எடுத்துக்கங்க.

சேலை அஞ்சரை மீட்டர், அந்தக் கயிறு என்னவோ கைக்குட்டைக்கும் பனியனுக்கும் கட்டினது. சேலையை நாலா மடிச்சு ஒரே இடத்துல போட்டா உள் மடிப்பு காயாது. அதுக்குக் காந்தக் கொக்கி வாங்கிக்கங்க. ரூம் சுவரு பார்க்க மரம், பிளாஸ்டிக் மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் உள்ளே இரும்புத் தகடுதான், காந்தம் கப்புன்னு பிடிச்சுக்கும். ஆறு கொக்கி இருந்தா, மழை நாள்ல வளவுத் தூணுக்குத் தூண் கயிறு கட்டுவோம்ல, அந்த மாதிரி சுவத்தோரமா நீளக் கொடி போட்டுடலாம். பிழிஞ்ச சேலைன்னா தாங்கும். வாசக் கதவுக்குக் குறுக்கே மட்டும் கட்டாதீங்க. அவசரத்துக்கு ஓடறப்ப தடுக்கும். விளக்கு மேல துணி போடறது, ஹேர் டிரையரைத் துணிக்குள்ள சொருகி வைக்கிறது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

கூட வர்றவுக லாண்டரிக்குக் குடுக்கறதா இருந்தா அலமாரியில விலைச் சீட்டும் பையும் இருக்கும், பார்த்துக்கங்க. நாமளே துவைக்கிற மிஷின் சில கம்பெனிக் கப்பல்ல உண்டு, கார்னிவல், பிரின்சஸ் மாதிரி. சிங்கப்பூர்ல இருந்து ராயல் கரீபியன்ல போறீங்கன்னா அது கிடையாது.

அப்பத்தாவுக்கு ஒரு யோசனை. சேலை அலசறதைக் காலையில வச்சுக்காம சாயந்திரம் கரைக்கு இறங்கிட்டு வந்ததும் செய்யச் சொல்லுங்க. ராத்திரி பூரா பாத்ரூம் சும்மா இருக்கும், துணியை யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. ஒண்ணு கட்டியிருக்க, ஒண்ணு காய, ஒண்ணு பெட்டியில, மூணு சேலை போதும். பாத்ரூம் வாசப்படி கொஞ்சம் உசரமா இருக்கும், கீழே தண்ணி சொட்டியிருந்தா வழுக்கும். அவுக உள்ளே போறதுக்கு முன்னாடி நீங்க துடைச்சு விட்டுடுங்க.

கடைசி ராத்திரி மட்டும் எதையும் நனைக்காதீங்க. பெரிய பெட்டியை அன்னைக்கு ராத்திரியே கதவுக்கு வெளியே வைக்கச் சொல்லிடுவாக, காலையில துறைமுகத்துலதான் கைக்கு வரும். பிள்ளைக கடைசியாக் குளத்துல இறங்கிட்டு வந்த துணி இருந்தா, துண்டுல சுருட்டிப் பிழிஞ்சு, பிளாஸ்டிக் பையில போட்டுக் கைப்பையில வச்சுக்கங்க. தேவகோட்டை வந்ததும் மத்ததை எல்லாம் அப்புறம் பார்க்கலாம், அந்தப் பையை முதல்ல பிரிச்சு வளவுல போட்டுடுங்க.