வரிசை முடிஞ்ச தெரு

வணக்கம் நேயர்களே. சிகாகோல பல வருஷம் இருந்தீங்களே, அந்த ஊர பத்தி ஏதாவது பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. எனக்கு உடனே மனசுல வந்தது உயரமான கட்டடமும் இல்ல ஏரியும் இல்ல, இப்போ இல்லாமப் போன ஒரு ஹாட் டாக் கடை. பேரு ஹாட் டக்ஸ். ஓனர் பேரு டக் சோன், அதான் அந்தப் பேரு.

ஹாட் டாக்னா பன்னுக்கு நடுவுல ஒரு சாசேஜ், அதாவது கறிய அரைச்சு நீளமா அடைச்சது, அவ்ளோதான்னு நினைப்போம். சிகாகோக்காரங்க கிட்ட அப்படி சொல்லிப் பாருங்க, விட மாட்டாங்க! கசகசா தூவின பன்னு, உள்ள மாட்டிறைச்சி சாசேஜ், மேல மஞ்சக் கடுகு சாஸ், நறுக்கின வெங்காயம், கண்ணைப் பறிக்கிற பச்சைல ரெலிஷ்ங்கற பொடியா நறுக்கின இனிப்பு ஊறுகாய், தக்காளி, நீளமா வெட்டின வெள்ளரிக்காய் ஊறுகாய், ரெண்டு குட்டி மிளகா, கடைசியா செலரி உப்பு. தோட்டத்துக்குள்ள இழுத்துட்டு வந்த ஹாட் டாக்னு அதுக்கு அங்க பேரு. கெட்சப் மட்டும் கேட்டுடாதீங்க. 1930கள்ல வேலையில்லாத் திண்டாட்டம் இருந்த காலத்துல, கைல சில்லறை மட்டும் இருந்தவங்களுக்கு வயித்த நிரப்புன சாப்பாடு இது, அதனாலதான் அந்த ஊர்ல ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு ஹாட் டாக் கடை.

டக் சோன் 2001ல கடை ஆரம்பிச்சாரு, 2004ல தீப்பிடிச்சுது, அப்புறம் ஏவண்டேல் பக்கம் கலிஃபோர்னியா அவென்யூ முக்குக்கு மாத்திட்டாரு. நான் போனது அங்கதான். ஒரு நவம்பர் சனிக்கிழமை, காது விறைக்கிற குளிரு, என் மனைவி வேற சைவம், இதுக்கா இவ்ளோ தூரம்னு கேட்டுட்டே வந்தா, போய்ப் பாத்தா வரிசை கடை வாசல்ல ஆரம்பிச்சு முக்கு திரும்பிப் போயிட்டே இருக்கு. ஒன்றரை மணி நேரம் நின்னோம். முன்னாடி தொழிலாளி மாதிரி ஒருத்தர், பின்னாடி காலேஜ் பசங்க, எல்லாரும் பேசிட்டே நின்னாங்க, யாருமே முகம் சுளிக்கல. உள்ள போனா கவுன்ட்டர்ல டக்கே நிக்கறாரு, வர்ற ஒவ்வொருத்தர் கிட்டயும் அவரே ஆர்டர் எடுக்கறாரு, பின்னாடி அத்தனை கூட்டம் இருக்கேன்னு ஒரு அவசரம் கிடையாது. என் மனைவி சைவம்னு தயங்கித் தயங்கி சொன்னா. அவங்க மெனுவுலயே காய்கறி சாசேஜ் இருந்துச்சு, அதே தக்காளி அதே மிளகாயெல்லாம் போட்டு குடுத்தாங்க. திரும்பி வர்ற வழி பூரா அவ அந்த ஹாட் டாக்க பத்தியேதான் பேசினா.

வெள்ளி சனின்னா வாத்துக் கொழுப்புல பொரிச்ச உருளைக்கிழங்கு கிடைக்கும். மான், முயல்னு என்னென்னவோ சாசேஜ் போடுவாரு, வாத்து ஈரல் வெச்சு கூட. அந்த ஈரலுக்கு 2006ல சிகாகோ நகர சபை தடை போட்டுச்சு, ஈரல் பெருசாகறதுக்காக வாத்துக்கு வலுக்கட்டாயமா தீனி திணிக்கறாங்கன்னு. இவரு விக்கறத நிறுத்தல, 2007ல 250 டாலர் அபராதம் கட்டினாரு, 2008ல தடையே போயிடுச்சு. வாத்துக்காக கவலப்பட்டவங்க சொன்னதுலயும் நியாயம் இருக்குன்னுதான் நான் இன்னும் நினைக்கறேன், ஆனா பெரிய பெரிய ரெஸ்டாரண்டுங்க இருக்கற ஊர்ல முக்குல இருக்கற ஒரு ஹாட் டாக் கடை அந்தச் சண்டைக்கு நடுவுல நின்னுச்சு பாருங்க, அத மறக்க முடியாது.

2014 மே மாசம், அக்டோபர்ல மூடப் போறேன்னு சொல்லிட்டாரு. வியாபாரம் படுத்துடுச்சா, இல்ல. வரிசை அன்னைக்கும் தெருவ சுத்தித்தான் நின்னுச்சு. போதும்னு தோணிச்சு, வேற ஏதாவது செய்யணும்னு தோணிச்சு, அவ்ளோதான். எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு. பேர வித்திருக்கலாமே, ஒரு மேனேஜர போட்டு நடத்தியிருக்கலாமேன்னு. யோசிச்சா, கவுன்ட்டர்ல டக் இல்லாத ஹாட் டக்ஸ்க்கு யாரு போவா, நானே போயிருக்க மாட்டேன். நம்ம ஊர்ல கூட கல்லாவுல உக்காந்திருந்த பெரியவர் போனதும் அதே மாவு அதே சட்டினி, ஆனா கடை வேற கடை ஆயிடும் இல்லையா, அந்த மாதிரிதான்.

அந்தக் கோடைல வரிசை இன்னும் நீண்டுடுச்சு, நாலஞ்சு மணி நேரம்லாம் நின்னாங்க. அக்டோபர் 3, கடைசி நாள், வெள்ளிக்கிழமை. விடியறதுக்கு முன்னாடியே ஜனங்க வந்து இடம் பிடிச்சாங்க. எனக்கு லீவு கிடைக்கல, அந்த வருத்தம் இன்னும் இருக்கு. அடுத்த வருஷம் ரிக்லி ஃபீல்டு பேஸ்பால் மைதானத்துல அவர் பேர்ல ஒரு ஸ்டால் வந்துச்சு, மேட்ச் பாக்க போனவங்க அங்க சாப்பிட்டாங்க.

மூடினப்புறம் ஒரு சனிக்கிழமை நானும் மனைவியும் கார்ல அந்தப் பக்கம் போனோம். நடைபாதை காலியா இருந்துச்சு. அவ கார நிறுத்தச் சொன்னா, இறங்கி, அன்னைக்கு நாங்க வரிசைல கடைசியா போய் சேர்ந்த இடத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்து உக்காந்தா.