ஆறாத வாய்ப்புண்ணும் இரண்டு குப்பிகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

சாதாரண வாய்ப்புண் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். மாதக்கணக்கில் இடம் மாறி மாறி வந்தால், பல் துலக்கும்போது ஈறின் மேல்தோல் சவ்வாக உரிந்து பிரஷ்ஷோடு வந்தால், வைட்டமின் மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அபூர்வமான இரண்டு நோய்களை அங்கே சந்தேகிக்க வேண்டும்: பெம்ஃபிகஸ் வல்காரிஸ், சளிச்சவ்வு பெம்ஃபிகாய்டு.

இரண்டிலும் உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்குகிறது. பெம்ஃபிகஸில், செல்லோடு செல்லை ஒட்டவைக்கும் டெஸ்மோக்ளின்-3 என்ற புரதம் அடிபடுகிறது. பெம்ஃபிகாய்டில் மேல்தோலை அடித்தளத்தோடு பிணைக்கும் பிபி-180, லாமினின்-332 போன்ற புரதங்கள் அடிபடுகின்றன. மேல்தோல் முழுசாகக் கழன்றுகொள்கிறது, ஆறினாலும் தழும்பு விழலாம்.

கொப்புள நோய் என்று பேர்தான். வாயில் கொப்புளத்தைப் பார்ப்பதே அரிது. மென்று சாப்பிடும்போதே உடைந்து, வெறும் புண்தான் கண்ணில் படும். அதனால்தான் பல மாதம் ஈறு நோய் என்றே வைத்தியம் நடக்கிறது.

சதைப் பரிசோதனையில் இரண்டு துண்டு எடுக்க வேண்டும். முதல் துண்டு புண்ணின் விளிம்பிலிருந்து, பாதி புண், பாதி நல்ல சவ்வாக. இது, சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலின் குப்பிக்கு. இரண்டாவது துண்டைப் புண்ணில் எடுக்கவே கூடாது. பக்கத்தில், பார்வைக்கு நன்றாக இருக்கும் சவ்வில் எடுத்து, துண்டைக் கெடாமல் லேபுக்குக் கொண்டுபோக உதவும் மிஷல் திரவத்தில் போட வேண்டும். அது இல்லையென்றால் சாதாரண சலைன் போதும், ஆனால் 24 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். உடலைத் தாக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) சதையில் எங்கே படிந்திருக்கிறது என்று ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனை இதில்தான் நடக்கும்.

தவறும் இங்கேதான் நடக்கிறது. இரண்டு துண்டையும் ஒரே ஃபார்மலின் குப்பியில் போட்டால், அது புரதங்களைக் குலைத்துவிடும்; ஒளிர வேண்டியது ஒளிராது. புண்ணின் நடுவில் வெட்டினால் பார்க்க வேண்டிய மேல்தோலே அதில் இருக்காது. பெம்ஃபிகாய்டில், சதையை வட்டமாக வெட்டியெடுக்கும் பஞ்ச் கருவியைச் சுழற்றும்போதே மேல்தோல் தனியாகக் கழன்றுவிடலாம். புண் ஈறில் மட்டும் இருந்தாலும் கன்னத்தின் உட்புறம் எடுப்பது தோது.

செல்களைச் சுற்றி வலைபோல் ஒளிர்ந்தால் பெம்ஃபிகஸ். மேல்தோலுக்குக் கீழே இருக்கும் அடிச்சவ்வை ஒட்டி ஒரே கோடாக ஒளிர்ந்தால் பெம்ஃபிகாய்டு. டெஸ்மோக்ளின் ரத்தப் பரிசோதனை பெம்ஃபிகஸில் நன்றாகக் கைகொடுக்கும். பெம்ஃபிகாய்டில் ரத்தத்தில் ஆன்டிபாடி குறைவாகவே இருக்கும். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அதை நம்பி விட்டுவிட முடியாது. சந்தேகம் வலுவாக இருந்தால் சதையை மறுபடி எடுப்பதில் தயக்கம் வேண்டாம்.

மருந்துக்கு வருவோம். பெம்ஃபிகஸுக்கு, ஆன்டிபாடி உருவாவதைத் தடுக்கும் ரிட்டுக்சிமாப், 1 கிராம் வீதம் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை. கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, படிப்படியாகக் குறைத்தபடி. முன்னதாக ஹெபடைடிஸ்-பி பரிசோதனை கட்டாயம், இந்த மருந்துகளால் உறங்கிக் கிடக்கும் கிருமி விழித்துக்கொள்ளலாம். வாயோடு நிற்கும் பெம்ஃபிகாய்டுக்கு 0.05 சதவீத க்ளோபெடசால் என்ற ஸ்டீராய்டு ஜெல்லை, பல் அச்சில் செய்த தட்டில் தடவி ஈறின்மேல் மாட்டலாம். சும்மா தடவினால் எச்சில் அடித்துக்கொண்டு போய்விடும். வெள்ளையாகப் படியும் பூஞ்சையைக் கவனிக்க வேண்டும். அழற்சியை அடக்கும் டாப்சோன் மாத்திரை தருவதென்றால் முதலில் ஜி-6-பி-டி என்ற நொதிக்கான ரத்தப் பரிசோதனை. அந்த நொதி குறைவாக இருப்பவருக்கு ரத்த அணுக்கள் மளமளவென்று உடையும்.

பெம்ஃபிகாய்டு கண்ணையோ தொண்டையையோ உணவுக்குழாயையோ தொட்டுவிட்டால் கதை வேறு. ஆரம்பத்திலேயே பலமான மருந்து வேண்டும். குரல் கம்மினால் குரல்வளையை ஸ்கோப் வைத்துப் பார்க்க வேண்டும். லாமினின்-332 ஆன்டிபாடி தெரிந்தால் புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்றும் தேட வேண்டும்.

கண் உறுத்தவில்லை என்றாலும் பெம்ஃபிகாய்டு உள்ள எல்லோரும் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கீழிமையை இழுத்துப் பார்த்தால், இமைக்கும் விழிக்கும் நடுவே மெல்லிய நூல் போன்ற தழும்புப் பட்டை தெரியலாம். அதை உடனே வெட்டி எடுக்கக் கூடாது. அழற்சி அடங்குமுன் கத்தி பட்டால் தழும்பு இன்னும் வேகமாகப் பரவும். முதலில் மருந்தால் நோயை அடக்கிவிட்டுத்தான் அறுவை.