இரண்டு ஊர்க்காரர்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். நேயர்களுக்கு வணக்கம்.

இடப்பெயர்வையும் பிள்ளைப் பருவத்தையும் பற்றிப் பேச ஒரு முஸ்லிம் பெண்ணைக் கூப்பிட்டதற்கு முதலில் நன்றி. இடப்பெயர்வு என்றதும் யாழ்ப்பாணத்தில் எவருக்கும் 1995 ஒக்டோபர் 30தான் நினைவுக்கு வரும். யாழ் நகரும் அயல் ஊர்களும் சேர்ந்த வலிகாமமே மழையில் எழுந்து நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நடந்த நாள். அதற்குச் சரியாக ஐந்து வருடங்களுக்கு முன்னால், அதே ஒக்டோபர் 30 அன்று, இந்த நகரத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருப் பகுதி ஒரு பகலில் வெறுமையானது. இந்த இரண்டாவது செய்தி இங்கே படிக்கிற பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. நான் ஆசிரியை, வகுப்பில் கேட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

1990 ஒக்டோபர் கடைசியில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும் இருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மற்ற இடங்களில் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைத்தது. யாழ்ப்பாண நகரத்தில் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வாப்பா போய்விட்டு வந்து உம்மாவிடம் என்னவோ சொன்னார். உம்மா ஒன்றும் பேசாமல் காலையில் சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தா. அப்போது எனக்கு ஒன்பது வயது.

வாப்பா தையற்காரர். தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கத்தரிக்கோலை மட்டும் ஒரு துணியில் சுற்றி எடுத்தார். வழிச் சோதனையில் அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் காதில் கிடந்த தோட்டையும் கழற்றினார்கள். வாப்பாவின் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை ஒருவரும் கவனிக்கவில்லை, அவர் உட்பட. கிளிநொச்சி தாண்டி லொறியில் போகும்போதுதான் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தப் பயணத்தில் பெரியவர் ஒருவர் சிரித்ததை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

நானே கண்டு ஞாபகம் வைத்திருப்பது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் உம்மா சொல்லக் கேட்டது. அகதிப் பிள்ளைகளின் ஞாபகங்கள் என்று பேச வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எங்களுடைய யாழ்ப்பாணத்தில் பெரும்பங்கு காதால் கேட்ட யாழ்ப்பாணம். என் தம்பி புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் பிறந்தவன். எந்த ஊர் என்று யாராவது கேட்டால், தான் கண்டிராத வீட்டின் விலாசத்தை ஒழுங்கையோடும் இலக்கத்தோடும் மூச்சு விடாமல் ஒப்புவிப்பான். அவனுக்கு அப்போது நாலு வயதுகூட இருக்காது.

வவுனியா போய், அங்கிருந்து கடைசியில் புத்தளம். கற்பிட்டி, ஆலங்குடா, பாலாவி, தில்லையடி என்று ஆட்கள் பரவினார்கள். வந்து இறங்கியபோது புத்தளத்துச் சனம் எங்களுக்குச் செய்ததை மறந்தால் அல்லாஹ் மன்னிக்க மாட்டான். பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டார்கள். சட்டி சட்டியாகச் சோறு வந்தது. சொந்தத் தென்னந்தோட்டத்தில் கொட்டில் போட இடம் தந்தவர்களும் உண்டு. ஆனால் விருந்தாளி வருடக்கணக்கில் போகாமல் இருந்தால் எந்த வீட்டிலும் முகம் மாறும். கிணற்றடியில் நெருக்கம், கூலி வேலைக்குப் போட்டி, பள்ளிக்கூடத்தில் இடமில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் ஊர்ப் பிள்ளைகள், பின்னேரம் அகதிப் பிள்ளைகள். நாங்கள் போய்ச் சேரும்போது தகரக் கூரை நன்றாகக் காய்ந்திருக்கும். கரும்பலகையில் காலை வகுப்பின் கணக்கு அழியாமல் இருக்கும். எங்கள் ஆசிரியர்களும் அகதிகள்தான். அவர்களில் சிலர் அதை அழிக்காமல் அதையே எங்களுக்கும் படிப்பித்தார்கள், சோக்கட்டி மிச்சமாகுமே என்று. மேசைகளில் காலைப் பிள்ளைகள் பெயர்களைச் செதுக்கியிருந்தார்கள். நான் இருந்த மேசையில் ரிஸானா என்று ஒரு பெயர். அவளை நேரில் பார்த்ததே இல்லை. ஒரு நாள் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் கவராயத்தால் என் பெயரையும் கீறினேன். அடுத்த நாள் அதைச் சுரண்டியிருந்தது. திரும்பவும் கீறினேன், திரும்பவும் சுரண்டல். இது ஒரு தவணை முழுக்க நடந்தது. அவளும் இப்போது பிள்ளை குட்டிகளோடு எங்கேயாவது இருப்பாள், சுகமாக இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் இருந்தவரை உம்மா கூலி வேலைக்கு வாசற்படி தாண்டியதில்லை. கற்பிட்டிப் பக்கத்தில் வெங்காயத் தோட்டங்கள். அகதிப் பெண்களை விடியற்காலையில் ட்ரக்டரில் ஏற்றிப் போவார்கள். விடுமுறையில் நானும் போவேன். பிடுங்கிய வெங்காயத்தை மண் உதறி, தாள் நறுக்கி, பிடி பிடியாகக் கட்ட வேண்டும். நிவாரண அரிசியும் பருப்பும் கூப்பனுக்கு வரும்தான், ஆனால் கொப்பிக்கும் செருப்புக்கும் கூப்பன் இல்லையே. அந்த வேலையை உம்மா முதலில் வெட்கத்தோடு செய்தா. அப்புறம் கூலி குறைந்தால் தோட்டக்காரரோடு நின்று வாதாடவும் பழகிவிட்டா. சோனகத் தெருவில் இருந்திருந்தால் இந்த உம்மாவை நான் கண்டிருக்கவே மாட்டேன்.

வீட்டுக்குள்ளே யாழ்ப்பாணம், வெளியே புத்தளம் என்றுதான் வளர்ந்தோம். வாயைத் திறந்தால், ‘இவங்க தமிழாக்கள் மாதிரிக் கதைக்கிறாங்க’ என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். உம்மும்மா ஒடியல் கூழ் நினைவில் ஏங்குவா. எங்களுக்கோ புத்தளத்து உணவுதான் நாக்கில் ஒட்டியது. கலியாணப் பேச்சு என்றால் பெரியவர்கள் ‘எங்கட ஊரிலேயே’ தேடுவார்கள், அந்த ஊர் அப்போது முகாம்களிலும் தோட்டங்களிலும் சிதறிக் கிடந்தாலும். தேர்தல் வந்தால் எங்களுக்கென்று கொத்தணி வாக்குச்சாவடி. இருப்பது புத்தளத்தில், வாக்கு வடக்குக்கு.

2002இல் சமாதானம் வந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி திறந்தபோது பஸ் பஸ்ஸாக ஊர் பார்க்கப் போனார்கள். அந்த ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் எங்கள் வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தார். வாப்பா அதை வானொலியில் கேட்டுவிட்டு எழுந்து போய் முகம் கழுவினார். ஆனால் 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி பூட்டப்பட்டது. ஆகவே எங்கள் குடும்பம் நிரந்தரமாக வந்தது போர் முடிந்த பிறகுதான்.

வீட்டில் கூரை இல்லை, கதவு நிலை இல்லை, நடு அறையில் ஒரு வேப்பமரம். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது பக்கத்து ஒழுங்கை மாமி. தடி ஊன்றி வந்தா, என்னை மேலும் கீழும் பார்த்தா. நான் கறுப்பு அபாயா போட்டிருந்தேன். ‘கொம்மா சேலைத் தலைப்பை முக்காடாப் போட்டுக்கொண்டெல்லோ எங்கட வீட்டுக்கு வாறவ. நீ ஏன் பிள்ளை வெளிநாட்டாள் மாதிரி வந்து நிக்கிறாய்?’ கோபமில்லை, உண்மையான கேள்வி. நாங்கள் இல்லாத இருபது வருடத்தில் நாடு முழுவதிலும் முஸ்லிம் பெண்களின் உடுப்பு மாறியிருந்தது. இடையில் அதைப் பார்த்துப் பழக இந்த ஊருக்கு வாய்ப்பு இருக்கவில்லை. உம்மா இங்கேயே இருந்திருந்தால் மாமியின் கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருப்பா. மாமி என்ன சொன்னாலும் என் அபாயா எனக்குப் பிடிக்கும், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இந்த மண்ணுக்கு இரட்டை வாழ்க்கை புதிதல்ல. அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். பிறகு கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். இந்துக் கல்லூரிப் பழைய மாணவன் என்பதும் முஸ்லிம்களின் கல்விக்கு வழிகாட்டி என்பதும் அவரில் மோதிக்கொள்ளவில்லை. ‘இரண்டில் எது நீ’ என்று கேட்டு ஒரு படிவத்தை அவர் முன்னால் நீட்டியவர் யாரும் இல்லை.

எங்களுக்கு நீட்டுகிறார்கள். ஆண்கள் இங்கே கடை நடத்த, பிள்ளைகளின் படிப்புக்காகத் தாய்மார் புத்தளத்தில் இருக்கும் குடும்பங்கள் நிறைய. வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பித்தால், ‘நீங்கள் நிரந்தரமாக வரவில்லை, வந்து வந்து போகிறீர்கள்’ என்று ஒரு பதில். சரி, அங்கே ஏதாவது கேட்டால், ‘நீங்கள் வடக்குக்காரர், அங்கே போய்க் கேளுங்கள்.’ ஒன்பது வயதில் கேட்டதை நாற்பது தாண்டியும் கேட்கிறேன். இருபது வருடம் ஓரிடத்தில் வேர்விட்ட குடும்பம் ஒரே லொறியில் ஏறித் திரும்பி வராது. போனதுதான் அப்படி, இரண்டு மணித்தியாலத்தில். திரும்பி வருவது தவணை தவணையாகத்தான் நடக்கும்: முதலில் கடை, அப்புறம் கூரை, பிறகு ஒரு பிள்ளை. வந்து போவதையும் வருவதாகக் கணக்கெடுக்க வேண்டும் என்பதுதான் நான் இன்றைக்கு இங்கே சொல்ல வந்தது. இதே கதையை மெல்பேர்ணிலும் டொரொன்டோவிலும் இருந்து வருடாவருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து போகும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் விளங்கிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். அவர்களைப் பார்த்து யாரும் ‘நீங்கள் யாழ்ப்பாணத்தார் இல்லை’ என்று சொல்வதில்லையே.

என் மகள் புத்தளத்தில் உம்மாவோடு இருந்து படிக்கிறாள். இந்த வருடம் வாக்காளர் இடாப்பில் பதிய வேண்டும். ‘எந்த ஊர் போட?’ என்று தொலைபேசியில் கேட்டாள். நான் பதில் சொல்ல முன்னமே, ‘நான் புத்தளம் போட்டுட்டேன் உம்மா’ என்றாள். நான் மறுபேச்சுப் பேசவில்லை. பெருநாளைக்கு யாழ்ப்பாணம் வந்துதான் ஆக வேண்டும் என்று மட்டும் கறாராகச் சொல்லியிருக்கிறேன். பஸ் காசு யார் தருவது என்பதில் இன்னும் வழக்கு முடியவில்லை.

கேட்டிருந்த நேயர்களுக்கு நன்றி. வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.