வாட்ஸை விடுங்கள், சுவிட்சைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. போன வீடியோவில் மாடிப்படிக் கைப்பிடி வேலை பாதியிலேயே நின்றதே, ஏன் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒன்றரை இஞ்ச் பைப்பை அறுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரை அப்படியே டேபிளில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அதன் ஸ்லைடு சுவிட்சு, அதாவது தள்ளிவிட்டால் அப்படியே நிற்கும் சுவிட்சு, ஆனிலேயே இருந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஓடித் துள்ளி, நான் உட்காரும் ஸ்டூலில் மோதி, கட்டிங் வீல் மூன்று துண்டாகத் தெறித்தது. நான் அங்கே இருந்திருந்தால்? இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அதனால் எத்தனை வாட்ஸ் என்று பார்க்காமல், சுவிட்சைப் பார்த்துப் புதிதாக இந்தக் கிரைண்டரை வாங்கினேன். நான்கு இஞ்ச் வீல், பேடில் சுவிட்சு. அழுத்திப் பிடித்தால்தான் ஓடும், விட்டால் அணைந்துவிடும். ஆனால் சுற்று அடங்கச் சில நொடி ஆகும், அதுவரை கீழே வைக்காதீர்கள். இதே கம்பெனியின் ஸ்லைடு மாடல் 3,400 ரூபாய், இது 4,150. அந்த 750 ரூபாய்க்காகக் கடையில் ஒரு மணி நேரம் நின்றேன். பத்து கட்டிங் வீல் சேர்த்துக் கொடுங்கள் என்றேன், ஐந்துதான் என்றார். வெளியே வந்து வண்டியை எடுத்தேன், கூப்பிட்டு எட்டு கொடுத்தார்! அந்தச் சந்தோஷம் இன்னும் போகவில்லை.

பேடிலிலும், கையை விட்டாலும் ஆனிலேயே நிறுத்தும் லாக் பட்டன் வைத்த மாடல் உண்டு, அது எனக்கு வேண்டவே வேண்டாம். ஸ்லைடுதான் வேண்டும் என்பவர்கள், கரண்ட் திரும்பி வந்தாலும் தானாக ஓடாத வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷின் மூடி வெளியிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரஷ் தேயும்போதெல்லாம் பாடியைக் கழற்ற வேண்டும்.

ஆ, வீலை மறைக்கும் பாதுகாப்பு மூடி, அந்தக் கார்டைப் பற்றிச் சொல்லவே இல்லையே. கார்டைக் கழற்றிவிட்டு நான்கு இஞ்ச் மெஷினில் ஐந்து இஞ்ச் வீல் போடுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். நான்கு இஞ்ச் வீலின் ஓட்டை 16 மி.மீ., ஐந்து இஞ்சுக்கு 22.23 மி.மீ. நடுவில் உட்காராத வீல் ஆடும், உடையும். வீலின் நடு வளையத்தில் காலாவதித் தேதியும் இருக்கும், அதையும் பாருங்கள். எனக்குக் கிடைத்த எட்டில் இரண்டு பழசு, நேற்றே மாற்றி வாங்கிவிட்டேன்.

சரி, கரண்ட் இருக்கும்போதே கைப்பிடியை முடிக்கிறேன். இன்னும் ஏழு பைப் பாக்கி.