எங்களுக்குக் கச்சேரி அந்தத் தட்டுதான்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தமிழர் உள்ளிட்ட இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஞாயிறு மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பெரியவர்களே, அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மேடையில் போன மாதம் திருக்குறள் பேசினார்கள். அதற்கு முந்தைய மாதம் தேவாரம். இன்று நான் எழுபதுகளில் வந்த ராக் ஆல்பங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைவர் என்னிடம் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: தமிழிலேயே பேச வேண்டும். எனக்கும் அதுதான் ஆசை. இந்தப் பாட்டுகள் ஆங்கிலப் பாட்டுகளாக இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் நாங்கள் அவற்றைக் கேட்டுக் கிறங்கியதும், சண்டை போட்டதும், ஆயாவிடம் திட்டு வாங்கியதும் தமிழில்தான்.

இளைய பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். எழுபதுகளில் எங்களுக்குப் பிடித்த எந்தக் குழுவையும் நாங்கள் நேரில் பார்க்கவில்லை. இங்கே இருந்த நிறவெறி ஆட்சிக்கு எதிராக, பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கம் தன் உறுப்பினர்கள் இங்கே வந்து வாசிக்கக் கூடாது என்று தடுத்திருந்தது. 1968இல் ஐக்கிய நாடுகள் சபையும் கலைத் தொடர்பை நிறுத்தச் சொல்லிவிட்டது. அது நியாயமான தடைதான், அன்றும் அப்படித்தான் நினைத்தேன். அதையும் மீறி யாராவது வந்தால்கூட, வெள்ளைக்காரர் மண்டபத்தில் நமக்கு இடம் ஏது? தொலைக்காட்சியும் கிடையாது. இந்த நாட்டில் அது 1976 ஜனவரியில்தான் வந்தது. இரவில் சிற்றலையில் பக்கத்து நாடான மொசாம்பிக்கின் லொரென்சோ மார்க்வெஸ் நகரத்து எல்.எம். ரேடியோவைப் பிடிப்போம். அலை வந்து வந்து போகும். நம் அரசாங்க வானொலியோ 1966இல் பீட்டில்ஸை நிறுத்திவிட்டு 1971 வரை வாய் திறக்கவில்லை. அவர்கள் திரும்ப ஒலிபரப்ப ஆரம்பித்தபோது அந்தக் குழுவே கலைந்துபோயிருந்தது.

மிச்சம் இருந்தது ரெக்கார்டு ஒன்றுதான். அதுதான் எங்கள் மண்டபம், அதுதான் எங்கள் கச்சேரி. அதனால்தான் ஒரு பாட்டை மட்டும் பிய்த்து எடுத்துக் கேட்பது இன்றுவரை எனக்கு ஒத்துவரவில்லை. தட்டை வைத்தால் ஒரு பக்கம் முழுதாக ஓட வேண்டும். ஓடி முடிந்ததும் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். கச்சேரியில் நடுவில் எழுந்து போவீர்களா?

சரி, ஆல்பங்களுக்கு வருகிறேன்.

1973. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் டர்பன் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கியிருந்தார்கள். என் அண்ணன் துணி ஆலையில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை சம்பளத்தோடு ஒரு கறுப்பு அட்டையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். மேலே பெயர் இல்லை, ஆள் படம் இல்லை. ஒரு முக்கோணக் கண்ணாடி, ஒரு பக்கம் வெள்ளை ஒளி நுழைந்து மறு பக்கம் வானவில்லாக வெளியே வருகிறது. பிங்க் ஃப்ளாய்டு குழுவின் 'தி டார்க் சைடு ஆஃப் த மூன்'. நகரத்தில் ஒரு பெரிய கடையில் வாங்கினாராம். அங்கே தட்டைப் போட்டுக் கேட்டுப் பார்ப்பதற்கு ஒரு சின்ன அறை உண்டு. அது வெள்ளைக்காரப் பையன்களுக்குத்தான். அண்ணன் அட்டையை மட்டும் பார்த்து, காசைக் கொடுத்து, கேட்காமலே வாங்கி வந்துவிட்டார்.

ரேடியோவும் தட்டுச்சுழலியும் ஒரே பெட்டியில் இருந்த எங்கள் ரேடியோகிராமின் ஊசிக்கை கொஞ்சம் இலேசு. தட்டு லேசாக வளைந்திருந்தாலும் தாவிவிடும். அதன் தலையில் ஐந்து சென்ட் நாணயம் ஒன்றை வைத்து, அம்மாவின் பிளாஸ்திரியால் ஒட்டியிருப்போம். அண்ணன் தட்டை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் விளிம்பில் மட்டும் பிடித்து வைத்தார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு இதயம் துடிக்கும் சத்தம். ரெக்கார்டு கெட்டுப்போச்சு என்று நினைத்தோம். அந்தத் துடிப்பில்தான் ஆல்பம் தொடங்குகிறது, அந்தத் துடிப்பில்தான் முடிகிறது.

முதல் பக்கத்தின் கடைசியில் ஒரு பெண் குரல் வரும். வார்த்தையே இல்லை. கிளேர் டோரி என்ற பாடகியை ஸ்டூடியோவுக்கு அழைத்து, சாவைப் பற்றிய இசை இது, மனத்தில் தோன்றியதைப் பாடு என்றார்களாம். கூலி 30 பவுண்டு. அவள் குரல் ஏறி, உடைந்து, தணிந்து, மறுபடி ஏறும். அடுக்களையில் இருந்த எங்கள் ஆயா கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசற்படியில் நின்றாள். "யார் செத்ததுக்குடா இவ அழுவுறா?" என்றாள். நாங்கள் சிரித்தோம். ஆயா சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் முடியும்வரை அங்கேயே நின்றாள். ஒப்பாரி பாடத் தெரிந்தவள் அவள். அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று அட்டையைப் படிக்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பின்னாளில் அந்தக் குரலைப் பற்றி எத்தனையோ விமர்சனங்கள் படித்தேன். ஆயா கேட்ட அந்த ஒரு கேள்விக்கு ஈடாக எதுவும் எனக்குப் படவில்லை.

இரண்டாம் பக்கம் கல்லாப்பெட்டிச் சத்தத்தோடு ஆரம்பிக்கும். 'மணி' என்ற பாட்டு. எங்கள் மாமா கோயில் பஜனையில் மிருதங்கம் வாசிப்பவர். ராக் என்றாலே காதைப் பொத்திக்கொள்வார். அன்று அவர் விரல் தானாகத் தொடையில் தட்ட ஆரம்பித்தது. இரண்டு சுற்று தட்டிவிட்டு, "டேய், இது ஏழுடா!" என்றார். தகிட தகதிமி. மிஸ்ர சாபு! உண்மையிலேயே அந்தப் பாட்டு ஏழு அடியில்தான் நடக்கிறது. நடுவில் கித்தார் தனியாக வரும்போது நாலுக்கு மாறும், பிறகு ஏழுக்குத் திரும்பும். மாறுகிற இடத்தில் மாமா தலையை ஒரு ஆட்டு ஆட்டினார் பாருங்கள், அதை இன்னும் நான் மறக்கவில்லை.

அதே மாமாவுக்கு 1975இல் லெட் செப்பலினின் 'பிசிக்கல் கிராஃபிட்டி'யைப் போட்டுக் காட்டினோம். இரட்டைத் தட்டு. அட்டையில் நியூயார்க் கட்டடம் ஒன்றின் படம், அதன் ஜன்னல்களை நிஜமாகவே வெட்டி எடுத்திருப்பார்கள். உள்ளுறையை மாற்றிச் செருகினால் ஜன்னல்களில் வேறு முகங்கள் தெரியும். என் தங்கை பாட்டைக் கேட்டதைவிட அந்த ஜன்னல்களோடு விளையாடியதுதான் அதிகம். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் 'காஷ்மீர்'. அவர்கள் காஷ்மீருக்குப் போனதே இல்லை. மொராக்கோவின் பாலைவனச் சாலையில் பயணம் போனபோது பிறந்த வரிகள். அதில் கித்தார் மூன்று மூன்றாக நகரும், ஜான் பான்ஹமின் டிரம்ஸ் நாலு நாலாக அடிக்கும். விலகிப் போவது போல இருக்கும், ஆனால் பன்னிரண்டில் இரண்டும் வந்து சேரும். மாமா கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். சேர்கிற இடத்தில் "வந்தான்!" என்று தொடையில் ஓங்கி அடித்தார். எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு, கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

பலரும் செப்பலினின் நான்காவது ஆல்பத்தைத்தான் உச்சம் என்பார்கள். எனக்கு 'பிசிக்கல் கிராஃபிட்டி'தான். நான்காவதில் பிழை என்று எதுவுமே இல்லை. இதில் நான்கு பக்கத்துக்கும் விரிந்து கிடக்கிற துணிச்சல் இருக்கிறது.

ஃப்ளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்', ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' இரண்டையும் விட்டுவிட்டால் என் அக்கா என்னை வீட்டுக்குள் சேர்க்க மாட்டாள். இரண்டும் நல்ல ஆல்பங்கள், கல்யாண வீடுகளில் பத்து வருஷம் ஓடின. அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் 'கோல்டு ஃபேக்ட்' பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. டெட்ராய்ட்காரர் ரோட்ரிகஸ், 1970. சொந்த நாட்டில் யாரும் வாங்காத தட்டு, இங்கே வீட்டுக்கு வீடு. எங்களிடம் இருந்தது கேசட். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் ரோட்ரிகஸ், மறு பக்கம் டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்'. அது வீடு வீடாகப் போய், நாடா தேய்ந்து, குரல் தண்ணீருக்கடியில் பாடுவது போல ஆகித் திரும்பி வந்தது. அரசாங்க வானொலி நிலையத்தில் அந்தத் தட்டின் முதல் பாட்டை ஒலிபரப்ப முடியாதபடி ஆணியால் கீறியே வைத்திருந்தார்கள். பாடியவர் மேடையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார் என்று இந்த நாடே நம்பியது, நானும் நம்பினேன். 1998இல் அவர் உயிரோடு வந்து கேப் டவுன் மேடையில் நின்றபோது எனக்கு நாற்பது வயதைத் தாண்டியிருந்தது. செத்தவர் எழுந்து வந்த செய்தியைப் பேப்பரில் படித்து வாய்விட்டு அழுதேன். 2023இல் அவர் நிஜமாகவே காலமானபோது, என்னவோ, அவ்வளவு அழவில்லை.

அடுத்தது பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்'. 1979 நவம்பர் கடைசி நாளில் வெளிவந்தது. ஒரு மாத வித்தியாசத்தில் எழுபதுகளில் சேர்ந்துவிட்டது! அதற்கடுத்த ஆண்டு நான் புதிதாக வாத்தியார் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வெள்ளைப் பிள்ளைக்கு ஒரு கல்வி, நம் பிள்ளைக்கு ஒன்று, கறுப்பினப் பிள்ளைக்கு இன்னும் கீழே ஒன்று என்று இருந்த காலம். கேப் மாகாணத்தில் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள், அது இங்கே நம் பள்ளிக்கூடங்களுக்கும் பரவியது. அந்த ஆல்பத்தில் லண்டன் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்று உண்டே, அதை நம் பிள்ளைகள் மைதானத்தில் நின்று பாடினார்கள். 1980 மே மாதம் அரசாங்கம் அதைத் தடை செய்தது. தடை வந்த வாரம் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தேன். பின் வரிசையிலிருந்து வாய் திறக்காமல் முனகலாக அந்த மெட்டு வந்தது. ஒருவன் ஆரம்பித்தான், பிறகு வகுப்பு முழுதும். வாத்தியார்களைப் பார்த்துப் பாடுகிற பாட்டு அது. நான் திரும்பவில்லை. சுண்ணாம்புக்கட்டியைப் பலகையில் வைத்தபடியே நின்றேன். அவர்கள் முடித்த பிறகுதான் எழுதினேன்.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இந்தப் பேச்சுக்கே ஒப்புக்கொண்டேன்.

எழுபதுகளின் ராக் என்றால் எல்லாம் கடல் தாண்டி வந்தது என்று நினைக்கிறோம். 1963இல் இதே டர்பனில் ஃபத்தார் சகோதரர்கள் ஆரம்பித்த குழு 'தி ஃப்ளேம்ஸ்'. சட்டத்தின் கண்ணில் அவர்கள் கலப்பினத்தார். நம்மைப் போலவே எங்கே வாழலாம், எந்த வாசலில் நுழையலாம் என்று சீட்டெழுதிக் கொடுக்கப்பட்டவர்கள். லண்டனில் அவர்கள் வாசித்ததைக் கேட்டு, பீச் பாய்ஸ் என்ற கலிஃபோர்னியாக் குழுவினர் அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார்கள். 1972இல் அவர்களில் இருவர், ரிக்கி ஃபத்தாரும் பிளாண்டி சாப்ளினும், பீச் பாய்ஸிலேயே சேர்ந்துவிட்டார்கள். 1973இல் வந்த 'ஹாலண்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டைப் பாடும் குரல் பிளாண்டியுடையது. டர்பனில் பிறந்த குரல்.

அந்தப் பாட்டை ரேடியோவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கலிஃபோர்னியாக்காரன் எவனோ பாடுகிறான் என்றே நினைத்தேன். வருஷங்கள் கழித்து ஒரு நண்பர் அட்டையைத் திருப்பி, அந்தப் பெயரின் மேல் விரலை வைத்துக் காட்டினார். என் விரலையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அண்ணன் கேட்டுப் பார்க்க முடியாமல் வாங்கி வந்தாரே, அந்தக் கடை அலமாரியில் இந்தத் தட்டும் இருந்திருக்கும். ரிக்கியின் அண்ணன் ஸ்டீவ் ஊருக்கே திரும்பிவிட்டார். 2020இல் காலமாகும்வரை இங்கேதான் வாசித்துக்கொண்டிருந்தார். நம்மில் எத்தனை பேர் போய்க் கேட்டோம்?

'ஹாலண்ட்' தட்டை இன்று கொண்டு வந்திருக்கிறேன். தம்பி, அந்த மேசையைக் கொஞ்சம் இப்படி நகர்த்துங்கள், ஆடக் கூடாது. எல்லோரும் முதல் பக்கத்தைத்தான் கேட்டிருப்பார்கள். நான் இரண்டாம் பக்கத்தை வைக்கப் போகிறேன். அதன் இரண்டாவது பாட்டு ஊரை விட்டுப் போவதைப் பற்றியது. எழுதியவர்களில் ரிக்கியும் பிளாண்டியும் உண்டு, பாடுவது பிளாண்டி. தேநீர் பின்னால் தயாராக இருக்கிறது என்கிறார்கள். பக்கம் முடிந்ததும் போகலாம்.