அனுசரணையா, ஆவணமா? ஆவணமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைய அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நாம் குடியிருக்கும் வீட்டிலேயே ஒரு பகுதியை வாடகைக்கு விடுகிறோம். வந்தவர் தொல்லை தருகிறார். அவரைச் சமாளிக்கக் கைகொடுப்பது அனுசரணையா, ஆவணமா? இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "ஒரே கேட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு நடுவில் பேப்பர் எதற்கு? உட்கார்ந்து பேசினால் தீராதது உண்டா?" என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது. நடுவர் அவர்களே, ஒரே கேட்டுக்குள் இருக்கிறார்களே, அதனால்தான் பேப்பர் வேண்டும் என்கிறேன் நான்.

வேறொரு தெருவில் இருக்கும் வீட்டை வாடகைக்கு விட்டால் பிரச்சினை வாடகைப் பணத்தோடு முடிந்துவிடும். கீழே நாம், மாடியில் அவர் என்று இருந்தால் அப்படியா? ஒரே மோட்டார், ஒரே சம்ப், ஒரே மாடிப்படி, துணி காயப்போட ஒரே மொட்டை மாடி. வாடகை தராதவர் முகத்தைக் காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போகும்போதே பார்த்தாக வேண்டும். அவர் பைக் நம் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு கேட் கிறீச்சிடும், நாம் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். இப்படி நாள் முழுக்கக் கூடவே இருக்கிற சிக்கலில் எது யார் பொறுப்பு என்று எழுதி வைக்காவிட்டால், ஒவ்வொரு நாளும் ஒரு பஞ்சாயத்துதான்.

என் பெரியம்மா குரோம்பேட்டையில் இருக்கிறார். பெரியப்பா ரிட்டயர்மெண்ட் பணத்தில் மாடி எடுத்தார், பின்னாளில் வாடகை சோறு போடும் என்று. அவர் போன பிறகு அந்த வாடகைதான் பெரியம்மாவின் மருந்துச் செலவு. ஒரு தம்பதி குடிவந்தார்கள். பதினொரு மாதத்துக்கு ஸ்டாம்ப் பேப்பரில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், அதோடு சரி. அது முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. "அம்மா அம்மா என்று உயிரை விடுகிற பிள்ளை, அவன்கிட்டப் போய் கையெழுத்து கேட்கிறதா?" என்றார் பெரியம்மா. எதிரணி சொல்கிறார்களே அனுசரணை, அது அங்கே குறைவில்லாமல் இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல், தீபாவளிக்குப் பலகாரம், எல்லாம் மாடிக்குப் போயிற்று.

ஐந்தாம் தேதி வந்த வாடகை பதினைந்தாம் தேதிக்குப் போனது. பிறகு பாதி வந்தது. பிறகு ஒருநாள் படியிறங்கும்போதே, நிற்காமல், "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்கம்மா" என்று ஒரு வார்த்தை. வாடகைக்கு விட்டவர்களுக்கு அந்த வாக்கியம் வயிற்றைக் கலக்கும். அட்வான்ஸ் கரையத் தொடங்கினால், கடைசியில் உடைந்த வாஷ்பேசினுக்கும் கட்டாத கரண்ட் பில்லுக்கும் நம் கையில் ஒன்றும் இருக்காது. பெரியம்மா தினமும் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், அந்தப் பையன் வரும்போது கேட்டுவிடலாம் என்று. அவன் வருவான். "சாப்பிட்டீங்களாம்மா?" என்பான். "சாப்பிட்டேன்ப்பா" என்பார். அவ்வளவுதான், அவன் படியேறிவிடுவான். தன் வீட்டு வாசலில், தனக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்க அந்த அம்மாவுக்கு நாக்கு எழவில்லை. நடுவர் அவர்களே, இந்த அனுசரணைக்கு விலை யார் கொடுத்தது? இரண்டு பேரில் இளகிய மனசுக்காரர் யாரோ அவர் கொடுத்தார். பேச்சை மட்டும் நம்பினால் வாய் உள்ளவர் ஜெயிப்பார், கூச்சப்படுகிறவர் தோற்பார்.

பெங்களூரில் இருக்கும் என் அண்ணனுக்குச் செய்தி போனது. அவன் போனில் என்ன சொன்னான் தெரியுமா? "மோட்டார் சுவிட்சைப் பூட்டும்மா. மூணு நாள் தண்ணி வரலேன்னா தானா ஓடிடுவான்." இது என் அண்ணன் மட்டும் சொல்வதில்லை, தெருவுக்கு நாலு வீட்டில் நடக்கிறது. அனுசரித்து அனுசரித்து ஒருநாள் பொங்கி எழுகிறவர்கள் செய்வது இதைத்தான். அது சட்டப்படி தவறு நண்பர்களே. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், குடியிருப்பவருக்குத் தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, கழிவுநீர் வசதி போன்ற அத்தியாவசியச் சேவைகளை வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது என்கிறது. அவர் எத்தனை மாதம் பாக்கி வைத்திருந்தாலும் சரி. நிறுத்தினால் குடியிருப்பவர், அந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்டிருக்கும் வாடகை அதிகாரியிடம் போகலாம், அந்த அதிகாரி உடனே திறந்துவிடச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம். மாடியில் அந்தப் பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். அந்தக் குழந்தைக்குத் தண்ணீர் இல்லாமல் செய்து வசூலிக்கும் வாடகை எனக்கு வேண்டாம், என் பெரியம்மாவுக்கும் வேண்டாம். சட்டம் நம் கையைக் கட்டுகிறது என்று வீட்டுக்காரர்கள் குறைப்படுகிறார்கள். கோபத்தில் இருக்கிற கையைக் கட்டத்தானே வேண்டும்?

நானும் பெரியம்மாவும் செய்தது இதுதான். பாக்கிக் கணக்கை மாதவாரியாக ஒரு வெள்ளைத்தாளில் எழுதினோம். எந்த மாதம் எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவில்லை என்று பாஸ்புக்கைப் பார்த்து எழுதினோம். பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். ஒரே வீடு, பதினெட்டுப் படி ஏறினால் கதவு, அதற்கு எதற்குத் தபால் என்று தெருவில் கேட்டார்கள். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த அன்று சாயங்காலமே அந்தப் பையன் தானாக இறங்கி வந்தான். ஹாலில் உட்கார்ந்தான். பாக்கி இவ்வளவு, அட்வான்ஸில் மீதி இவ்வளவு, காலி செய்யும் தேதி இது என்று ஒரு தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டோம், பக்கத்து வீட்டார் இருவர் சாட்சி. சொன்ன தேதியில் காலி செய்தான். அவனுக்கு வேலை போயிருந்தது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. "சாப்பிட்டீங்களாம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் சொல்லாத உண்மையை, கணக்கு எழுதிய தாள் எதிரில் இருந்தபோது சொன்னான். எதிரணி இதைப் பிடித்துக்கொண்டு "பார்த்தீர்களா, பேசித்தான் தீர்ந்தது" என்பார்கள். பேசித்தான் தீர்ந்தது, நான் மறுக்கவில்லை. அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தது தாள்.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், "கோர்ட்டு வாசல் மிதித்தால் தலைமுறை போய்விடும்" என்று பயமுறுத்தினார். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தில் அப்படி நடந்தது உண்டு, வீட்டுக்காரர் போட்ட வழக்கை அவர் பிள்ளை நடத்தியிருக்கிறார். அந்தச் சட்டம் போய்விட்டது. நான் முன்பு சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டம்தான் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அது முதலில் கேட்பதே எழுத்துதான். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். பதினொரு மாதம் என்று போட்டால் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டியதில்லை என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை வைத்து வந்த பழக்கம். இந்தப் பதிவு வேறு. பதினொரு மாத ஒப்பந்தத்துக்கும் இது வேண்டும். பல வீடுகளில் இதை இன்னும் செய்யவில்லை, இங்கே அமர்ந்திருப்பவர்களிலும் பலர் செய்திருக்க மாட்டீர்கள்.

சட்டம் என்றால் ஈவிரக்கம் இல்லாதது என்று நினைக்கிறீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால் எழுத்தில் கேட்க வேண்டும், கேட்ட பிறகு ஒரு மாத அவகாசம், அதற்குள் வட்டியோடு கட்டிவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாது என்கிறது அது. அதில் பொறுமை இல்லையா? இருக்கிறது, தேதி போட்ட பொறுமை. மாடி வராந்தாவை வளைத்துப் போட்டுக்கொள்வதை, வீட்டைச் சேதப்படுத்துவதை, நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகும் தொடர்ந்தால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். காலி செய்ய உத்தரவு வந்தும் நகராதவர் இரட்டிப்பு வாடகை தர வேண்டும்.

குழாய் வாஷர் மாற்றுவது யார், சுவருக்கு வெள்ளையடிப்பது யார் என்பதுகூட அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. வாஷர், சுவிட்சு, அடைத்துக்கொண்ட வடிகால் எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. வெள்ளையடிப்பு, ஒயரிங், குழாய் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொண்டால் அதுவே செல்லும். எத்தனை வீட்டில் ஒரு வாஷருக்காக ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறார்கள்!

நடுவர் அவர்களே, தொல்லை எப்போதும் மாடியிலிருந்தே வரும் என்று நான் சொல்ல வரவில்லை. "ஒண்ட வந்த பிடாரி" என்று எதிரணி நண்பர் குடியிருப்பவரைச் சொன்னபோது எனக்கு மனசு வலித்தது. மாதாமாதம் பணம் கொடுத்து இருக்கிறவர் எப்படி ஒண்ட வந்தவர் ஆவார்? மாற்றுச் சாவியை வைத்துக்கொண்டு அவர் இல்லாதபோது உள்ளே போய்ப் பார்க்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். சட்டம் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக விடுகிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கி, காலி செய்யும்போது பெயிண்டிங் என்று சொல்லிக் கழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. ஆவணம் இரண்டு பேருக்கும் பொது. அனுசரணை அப்படியில்லை. குடியிருப்பவரும் அனுசரித்துப் போகிறார், வாடகை ரசீது கேட்டால் முகம் சுளிப்பார்களே என்று கேட்காமலே இருக்கிறார்.

குழந்தை தடதடவென்று ஓடினால், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் நாலு பேர் வந்து ஒரு வாரம் தங்கினால், செருப்பு படிக்கட்டில் கிடந்தால், அங்கே எல்லாம் அனுசரித்துப் போங்கள், அதில் எனக்கும் எதிரணிக்கும் சண்டையே இல்லை. பணம், தண்ணீர், சாவி, தேதி. இந்த நாலும் எழுத்தில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று கேட்டார்கள். "டூ-லெட் போர்டைப் பார்த்து வருகிறவரிடம் முதல் நாளே ஒப்பந்தம், பதிவு என்று நீட்டினால் நல்ல குடித்தனக்காரர் ஓடிவிட மாட்டாரா?" நல்லவருக்குத்தான் அது முதலில் தேவை. ஊர் மாறி வந்தவருக்கு கேஸ் இணைப்பு வாங்கவும், ஆதாரில் முகவரி மாற்றவும் வாடகை ஒப்பந்தம் கேட்கிறார்கள். சம்பளக்காரர் பழைய வரிமுறையில் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்டால் ரசீது வேண்டும், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் வேண்டும். இதையெல்லாம் கேட்கிறாரே என்று எத்தனை வீட்டுக்காரர்கள் நல்ல குடித்தனக்காரர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்! பெரியம்மா வீட்டு மாடிக்கு இப்போது வந்திருப்பவர் ஒரு பள்ளி ஆசிரியை. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அக்ரிமெண்ட் எப்போ ரிஜிஸ்டர் பண்ணலாம்மா?"

நன்றி, வணக்கம்.