கன்னியாவில் அவியாத முட்டை

விழாத் தலைவர் அவர்களே, அதிபர் அம்மா அவர்களே, வலயத்திலிருந்து வந்திருக்கும் பணிப்பாளர் ஐயா அவர்களே, கோயில் பரிபாலன சபையாரே, பள்ளிவாசல் நிர்வாகத்தாரே, மீனவர் சங்கத் தலைவர் அவர்களே, பழைய மாணவர் சங்கத்தாரே! என் கையில் தந்த துண்டில் இன்னும் பதினொரு பேர் இருக்கிறார்கள். ஒருவரை விட்டாலும் நாளைக்குச் சந்தையில் முகம் பார்க்க ஏலாது, அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வணக்கம். பொன்னாடைக்கும் நன்றி. திருகோணமலை வெக்கையில் அதைப் போர்த்திக்கொண்டு பேச முடியாது, மடித்து வைத்துவிட்டேன், குறை நினைக்காதீர்கள்.

புரதம் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விடயம் சொல்வேன்: அது எதனால் ஆனது, எப்படி மடிகிறது, மூன்றாவது நம்முடைய சட்டித் தயிர் ஏன் உறைகிறது. அதற்கு முதல் என் வழக்கமான பழமொழி. என்னிடம் படித்ததுகள் பின்வரிசையில் இப்பவே சிரிக்கத் தொடங்கிவிட்டன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

சரி, முதலாவது. நம் உடம்புப் புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலிகள். ஒன்றின் காபொட்சில் முனையும் அடுத்ததன் அமைன் முனையும் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு கழன்று போகும். அந்தப் பிடிக்குத்தான் பெப்தைட்டுப் பிணைப்பு என்று பெயர். கரையில் காயப்போடுகிற நைலோன் வலை இருக்கிறதே, அதன் நூலுக்குள்ளும் இந்த ஏமைட்டு வகைப் பிணைப்புத்தான். மீனுக்குள்ளும் அதே பிடி, மீனைப் பிடிக்கிற வலைக்குள்ளும் அதே பிடி. மீனவர் சங்கத் தலைவர் தலையாட்டுகிறார், நல்லது.

எதற்குப் பின் எது என்ற வரிசைதான் முக்கியம். இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள், ஒரு சங்கிலியில் 21, மற்றதில் 30. அந்த வரிசையைக் கண்டுபிடித்த பிரெடரிக் சாங்கருக்கு 1958இல் நோபல் பரிசு கிடைத்தது. வரிசை ஒரு இடத்தில் பிசகினால் என்ன நடக்கும்? சிவப்பணுவுக்குள் ஒட்சிசன் காவுகிற புரதமான ஈமோகுளோபினின் பீற்றா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளுத்தமிக் அமிலம் இருக்கவேண்டிய கதிரையில் வலீன் வந்து குந்தினால், ஒட்சிசன் குறைகிற நேரம் சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும்.

இந்தச் சங்கிலி நீட்டி நிமிர்ந்து கிடப்பதில்லை. ஐதரசன் பிணைப்பால் சில இடம் சுருளும், சில இடம் மடிப்பு மடிப்பாகும். பிறகு தண்ணீருக்கு ஒத்துவராத பகுதிகள் உள்ளே ஒதுங்க, முழுச் சங்கிலியும் தனக்கென்று ஒரு வடிவம் எடுக்கும். வரிசை, சுருளும் மடிப்பும், முழு வடிவம் என்று மூன்று படிநிலை ஆயிற்று. நான்காம் படிநிலையும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். இப்போது ஒரு கதை.

எனக்குப் பத்து வயது. தாத்தாவின் முப்பத்தோராம் நாள் முடிந்து எல்லோரும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகிறோம். இராவணன் தாய்க்குக் கிரியை செய்யக் குத்திய ஏழு இடம் என்று அம்மம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறா. எனக்குக் காதில் விழுந்தது வெந்நீர் என்ற ஒரு சொல்தான். காற்சட்டைப் பைக்குள், வீட்டுக் கோழி இட்ட முட்டை ஒன்று. பெரியவர்கள் அழுதபடி வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுகிறார்கள், நான் கைலேஞ்சியில் முட்டையைக் கட்டி ஒவ்வொரு கிணறாக இறக்கி நூறு நூறாக எண்ணுகிறேன். ஏழாவது கிணற்றில் அம்மம்மா காதைப் பிடித்துவிட்டா. “என்னடா செய்யிறாய்?” என்றா. “முட்டை அவிக்கிறன்” என்றேன். அவிந்துதான் இருக்கும் என்ற நம்பிக்கையில், அவ பார்க்கட்டும் என்று கல்லில் ஒரு தட்டுத் தட்ட, அத்தனையும் பச்சையாக வழிந்து பெரிய மாமாவின் வெள்ளை வேட்டியில் விழுந்தது. செத்த வீட்டுத் துக்கத்தில் இருந்த சனம் முதல் தடவையாகச் சிரித்தது அன்றைக்குத்தான். அடிவாங்கியது நான். இன்றைக்கும் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போனால் ‘அவியாத முட்டை வந்திட்டார்’ என்பார்கள்.

ஏன் அவியவில்லை? கன்னியாத் தண்ணீர் 40 பாகை செல்சியஸை ஒட்டிய சூடு, குளிக்கிற சூடு. வெள்ளைக்கரு இறுகத் தொடங்கவே 60 பாகை அளவு வேண்டும். அந்தச் சூட்டில்தான் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய பிணைப்புகள் விட்டுப்போய், சங்கிலிகள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்குப்பட்டு வெள்ளையாகும். பெப்தைட்டுப் பிணைப்பு அறுவதில்லை. சிக்குப்பட்ட வலை மாதிரி, நூல் அறவில்லை, ஆனால் மீன் பிடிக்க முடியாது.

இதை நான் கிணற்றில் படித்தேன். நம் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலை, பெயர் வேண்டாம். ஆய்வுகூடம் இருக்கிறது, திறப்பு ஒருவரிடம், அவர் இடமாற்றத்தில் போய்விட்டார். யன்னலால் எட்டிப் பார்த்தேன், உடைந்த கதிரைகள், அதன் மேல் போன வருட விளையாட்டுப்போட்டிக் கொடிகள். புரதம் இருக்கிறதா என்று காட்டுகிற பையூரெற் சோதனைக்கு என்ன வேண்டும்? கொஞ்சம் வெள்ளைக்கரு, சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல், இரண்டு துளி செப்பு சல்பேற்று. நீலம் ஊதாவாக மாறும், செப்பு போய்ப் பெப்தைட்டுப் பிணைப்புகளின் நைதரசனைப் பற்றிக்கொள்வதால். உயர்தரப் பிள்ளை அந்த ஊதாவைக் கண்ணால் காணாமல் ‘ஊதா’ என்று எழுதிப் புள்ளி எடுக்கிறது. ஏட்டுச் சுரைக்காய்! கிழமைக்கு ஒரு நாள் பூட்டைத் திறவுங்கள், திறப்புக்கு இரண்டாவது பிரதி ஒன்று அடியுங்கள், இவ்வளவுதான் என் மனு. பணிப்பாளர் ஐயா சிரிக்கிறார், நான் பகிடி விடவில்லை ஐயா.

தலைவர் இரண்டாவது துண்டு அனுப்பிவிட்டார். தயிரும் நான்காம் படிநிலையும் நின்றுபோயின, மன்னியுங்கள். ஆய்வுகூட மனுவுக்கான கையொப்பத் தாள் பிளேன்ரீ மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது, பேனாவைக் கொண்டுபோய்விடாதீர்கள். பையில் முட்டையும் கரைசல்களும் கொண்டுவந்திருக்கிறேன். ஊதா பார்க்க விரும்பும் பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் வாருங்கள், பெரியவர்களும் வரலாம், வெள்ளை வேட்டிக்காரர் மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.